கேப்டன் குடம்

எங்கள் கிளப்பின் வரலாற்றை எழுதிக் கொடு என்று கேட்டார்கள். இந்த வருஷம் ஊரில் பாஸ்கெட்பால் போட்டி நடத்துகிறோம், விழா மலர் போடுகிறோம், அதில் இரண்டு பக்கம் நம் கிளப்பைப் பற்றி இருக்கட்டும் என்றார்கள். ஒரே நிபந்தனை, யாருடைய பேரும் வரக்கூடாது. போன தடவை மலரில் ஒருவர் பேருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போனது. அந்த மனிதர் ஒரு வருஷம் முழுக்க எங்களைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவருக்கு அந்தத் 'திரு'வை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நான் எழுதியது இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. மலர்க் குழு அதை வெட்டி, தலையும் வாலும் இல்லாமல் ஒரே ஒரு பத்தியாக ஆக்கிவிட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

பேர் இல்லாமல் எழுதுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கள் கிளப்பில் பேர் என்பதே கிடையாது, ஜெர்சி நம்பர்தான். நாலில் ஆரம்பித்துப் பதினைந்து வரை பன்னிரண்டு நம்பர், பன்னிரண்டு ஆள். பஸ் ஸ்டாண்டில் நின்று "டேய் ஏழு" என்று கூப்பிட்டால் ஒருவன் திரும்பிப் பார்ப்பான். பதினாலாம் நம்பரின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பேரைப் படித்துவிட்டு, இது யாருடைய கல்யாணம் என்று பத்து நிமிஷம் யோசித்தவன் நான்.

நான் ஒன்பது. உத்திரமேரூர் பஜாரில் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, வைத்த பாத்திரக்கடையை நடத்துகிறேன். வாங்கும் பாத்திரத்தில் பேர் வெட்டியும் தருவேன். சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சீராகப் போன தவலை, சொம்பு, சாப்பாட்டுத் தட்டுகளில் பாதிக்கு மேல் என் மெஷினில் கடிபட்டவைதான். ஆட்டத்தில் நான் எப்படி என்று யாராவது கேட்டால், கிளப்பின் செயலாளர் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கிளப் ஆரம்பித்தது நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில். ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குப் போகும் வழியில், நல்ல அகலமாக ஒரு களம். வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடந்தது. எங்களில் இரண்டு பேர் சென்னையில் படிக்கும்போது பாஸ்கெட்பால் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். மீதிப் பேர் டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். களத்தில் கோடு போட என் கடைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து பெயிண்ட் வந்தது. நவரைப் பருவ அறுவடை வந்ததும் அந்தக் கோட்டின்மேல் நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். நாங்கள் போய்க் கேட்டதற்கு, "களம்னா நெல்லுக்குத்தான். உங்களுக்கு இன்னா பால் காயணுமா?" என்றார் ஒரு பெரியவர். அன்றிலிருந்து எங்கள் சீசனை நெல்தான் முடிவு செய்கிறது. நவரை அறுத்தால் விடுமுறை, சொர்ணவாரி அறுத்தால் விடுமுறை. நடுவில் கிடைக்கிற நாளெல்லாம் பயிற்சி.

அடுத்தது ரிங். வெல்டிங் பட்டறைக்காரரிடம், தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் ரிங் வரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னோம். அவர் மிகவும் சுத்தமான வேலைக்காரர். கம்பத்தின் அடியிலிருந்து டேப் பிடித்து, பத்து அடிக்குக் கச்சிதமாக ரிங்கை வைத்துக் கொடுத்தார். நாங்கள் அந்தக் கம்பத்தை வாங்கிவந்து ஒன்றரை அடி குழியில் நட்டு, காங்கிரீட் போட்டு மூடினோம். ரிங்கும் கூடவே ஒன்றரை அடி இறங்கிவிட்டது. பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் எங்களைப் போல வீரர்கள் உலகத்தில் இல்லை. எகிறினால் ரிங் கையில் கிடைத்தது. ஐந்தரை அடிகூட இல்லாத நானே ஒருமுறை அதைப் பிடித்துத் தொங்கி, போட்டோ எடுத்து, கடையில் மாட்டினேன். இவ்வளவு திறமையை ஊருக்குள் வைத்துப் பூட்டக்கூடாது என்று காஞ்சிபுரத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். அங்கே எறிந்த பந்தெல்லாம் வலைக்குக் கீழேயே நின்றுவிட்டது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிங்கை ஏமாற்றி உயரமாக வைத்திருக்கிறார்கள் என்று நான்தான் நடுவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக டேப் கொண்டுவந்து அளந்து காட்டினார். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அன்றைக்கு ஒரே ஒருவனுடைய பந்து மட்டும் விழுந்தது. அவன்தான் பதினொன்று. திருப்புலிவனம் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன். இடதுகைக்காரன். எங்கள் களத்தில் அவன் எறியும் பந்து ரிங்குக்கு மேலே எங்கேயோ போய், பலகையைத் தாண்டி, அந்தப் பக்கம் வைக்கோல் போரில் விழும். இவன் தேறமாட்டான் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். காஞ்சிபுரத்தில் அதே கை, அதே வீச்சு, பந்து நேராக உள்ளே போனது. எங்கள் ரிங் சரியாக இருந்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே அவனை அடையாளம் கண்டிருப்போம். ஊருக்குத் திரும்பி வந்து முதல் வேலையாகக் கம்பத்தின்மேல் ஒன்றரை அடிக் குழாயை ஒட்டினோம். நான் என் போட்டோவைக் கடையிலிருந்து கழற்றினேன்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல டீம் ஆனோம். சொல்லிக்கொள்கிற அளவுக்கு. செங்கல்பட்டு, திருவண்ணாமலை, வேலூர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஓர் ஊரில் மைக் பிடித்தவர் எங்களை "செமி புரொபஷனல் அணி" என்று அறிவித்துவிட்டார். திரும்பி வரும்போது வேனில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். துட்டு வாங்கி ஆடுபவன் புரொபஷனல், கைக்காசு போட்டு ஆடுபவன் அமெச்சூர், அப்படியென்றால் நாம் யார்? ஏழாம் நம்பர் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், விஷயம் தெரிந்தவன் மாதிரி பேசுவான். "வேன் வாடகையும் பிரியாணியும் குடுத்தா செமி" என்று தீர்ப்புச் சொன்னான். அன்றைக்குப் பிரியாணி போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அந்த விளக்கம் பிடித்துப்போனது.

இனிமேல் குடம்.

வெளியூருக்குப் போனால் கேப்டன் வேண்டும். எங்களுக்குப் பயிற்சியாளர் கிடையாது. அப்படிப்பட்ட டீமில் கேப்டனே எல்லா முடிவும் எடுக்கவேண்டும். யார் கேப்டன் என்பதில் முதல் வருஷமே அடிதடி ஆனது. உத்திரமேரூரில் பிறந்தவனுக்குத் தகராறைத் தீர்க்க ஒரே வழிதான் தெரியும். கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறது, பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிறது, கார் போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறார்கள், வழி தெரியாமல் என் கடையில் வந்து கேட்கிறார்கள். குடவோலை. பேரை எழுதிக் குடத்தில் போடு, வருகிறவன் கேப்டன். கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தை நானே எடுத்து வந்தேன்.

கல்வெட்டில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறதே, நாங்களும் வைத்தோம். சொந்த ஷூ இருக்கவேண்டும். பந்தைக் கிணற்றில் போட்டவனும் அவன் மச்சானும் ஒரு வருஷம் நிற்கக்கூடாது. போன போட்டியில் கேப்டனாக இருந்தவன் இந்தப் போட்டிக்குச் சீட்டுப் போடக்கூடாது. கேப்டனாக வந்தவன் பெஞ்சில் உட்காராமல் ஆட்டத்தை ஆரம்பிக்கவேண்டும். ஆறையும் ஒன்பதையும் எழுதினால் அடியில் கோடு போடவேண்டும். சீட்டை எடுப்பது வேன் டிரைவர், ஏனென்றால் அவருக்கு எங்களில் யாரையுமே பிடிக்காது.

முதலில் சீட்டெல்லாம் நான்தான் எழுதினேன். இரண்டு தடவை தொடர்ந்து என் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையன், எட்டாம் நம்பர், கேப்டனாக வந்ததும், பாய் ஏதோ பண்ணுகிறார் என்று என்மேல் பேச்சு வந்தது. எனக்கு வந்த கோபத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து எல்லாரும் கடைக்கு வந்து சமாதானம் பேசினார்கள். அன்றிலிருந்து அவனவன் நம்பரை அவனவன் கையால் எழுதி, நாலாக மடித்து, அவனே போடவேண்டும் என்று ஆனது. போன தடவைக் கேப்டன் சீட்டுப் போடக்கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான்.

கேப்டனாக வந்தவனுக்கு வேனில் முன் சீட்டு, பிரியாணியில் லெக் பீஸ். இன்னும் ஒன்று உண்டு. போட்டி முடிந்து மறுநாள், அவன் நம்பரைக் குடத்தின்மேலேயே நான் மெஷினில் வெட்டுவேன். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி இறங்கிவந்து, இப்போது பாதிக் குடத்துக்கு நம்பர் இருக்கிறது. கிளப்பின் உண்மையான வரலாறு அதுதான். மலர்க் குழு அதை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் என் இரண்டு பக்கமும் தேவைப்பட்டிருக்காது.

போன நவரை அறுவடை முடிந்து ஒரு நாள் பதினொன்று கடைக்கு வந்தான். உட்காரும்போதே காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

"மூட்டு ஜவ்வு கியிஞ்சி கீதாம் பாய். செங்கல்பட்டு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேசன் பண்ணிக்கினு நடக்கலாம், ஆடக்கூடாதாம். காஞ்சிபுரம் மேட்ச் ஆடிட்டு நிறுத்திக்கிறேன்."

அவன் போனதும் நான் குடத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மனசு சரியில்லாவிட்டால் எதையாவது துடைப்பது கடைக்காரப் பழக்கம். துடைத்துக்கொண்டே நம்பர்களைப் பார்த்தேன். நாலு, எட்டு, எட்டு, பதினைந்து, ஆறு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பதினொன்று இல்லை. இத்தனை வருஷத்தில், எங்களைத் தூக்கி நிறுத்திய அந்த ஆள் ஒரு தடவைகூடக் குடத்திலிருந்து வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஏழாம் நம்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அட ஆமா இல்ல?" என்றான் அவன். சாயங்காலத்துக்குள் பதினொன்றைத் தவிர டீம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை குடம் வேண்டாம், நேராகவே அவனைக் கேப்டனாகப் போட்டுவிடலாம் என்று எல்லாரும் சேர்ந்து அவனிடம் போய்ச் சொன்னோம். மனிதன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் பேஜார். கொடத்துல வந்தா வரட்டும், வரலன்னா போவட்டும். எனுக்குன்னு தனியா இன்னா சட்டம்?"

அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் டிரைவர் சீட்டைப் பிரிக்கும்போது அவன் ஷூ லேஸைக் கட்டுவது மாதிரி குனிந்துகொள்வான். வேறு நம்பர் வந்ததும் நிமிர்ந்து முதல் ஆளாகக் கைதட்டுவான். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு.

போட்டிக்குப் போகிற அன்று காலை களத்தில் வேன் நின்றது. போன தடவைக் கேப்டன் ஆறு, அதனால் அவன் சீட்டுப் போடக்கூடாது. மீதிப் பதினோரு பேருக்கும் நான் காகிதம் கிழித்துக் கொடுத்தேன். எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்றுகொண்டு எழுதினார்கள். நானும் வேனுக்குப் பின்னால் போனேன். செய்யாத தப்புக்கு என்மேல் பழி வந்ததற்கே ஒரு வாரம் குடத்தைப் பூட்டி வைத்தவன் நான். அந்த நான், அன்றைக்கு, என் சீட்டில் பதினொன்று என்று எழுதினேன். அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, அதிர்ஷ்டம் இரண்டு மடங்கு ஆகட்டும் என்று கணக்குப் போட்டேன். நாலாக மடிக்கவேண்டியதை எட்டாக மடித்துவிட்டு, பிரித்து மறுபடி மடித்துப் போட்டேன். திருட்டுத்தனத்தில் எனக்கு முன் அனுபவம் கிடையாது.

டிரைவர் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பதினொன்று குனிந்து லேஸைப் பிடித்தான். டிரைவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒன்பது" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. ஒன்பது நான்தான். ஆனால் நான் ஒன்பது எழுதவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால், அப்புறம் நீ என்ன எழுதினாய் என்று கேட்பார்கள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொருவனும் பேய் அறைந்த மாதிரி நின்றான்.

ஏழுதான் முதலில் சுதாரித்துக்கொண்டான். சீட்டை டிரைவர் கையிலிருந்து பிடுங்கினான். "இது ஒன்பது இல்ல, ஆறு. ஆறு போன தபா கேப்டன். செல்லாது. வேற எடு நைனா."

"ஆறுதான்" என்றான் பதினைந்து, பார்க்காமலேயே.

"ஆறு மாரிதான் கீது" என்றான் நாலு.

சீட்டே போடாத ஆறு தலையைச் சொறிந்தான். "நானும் மறந்தாப்ல ஒண்ணு போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்" என்றான்.

ஒரு தவறான முடிவுக்காக எங்கள் டீம் இவ்வளவு ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததில்லை. அப்போது பதினொன்று நிமிர்ந்தான். வந்து சீட்டை வாங்கிப் பார்த்தான். "அடில கோடு கீது பாருங்க. கோடு கீய வர்ற மாரி புடிச்சா ஒன்பதுதான். பாய்தான் கேப்டன். ஏறுங்க, நேரமாவுது" என்று சொல்லி, சீட்டை என் கையில் வைத்துவிட்டு, அவன் மட்டும் கைதட்டினான். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள்.

முன் சீட்டில் உட்கார்ந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்த அந்த ஒரு மணி நேரம் மாதிரி ஒரு தண்டனை எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இவன் எங்கேயிருந்து வந்து குறுக்கே விழுந்தான் என்று பத்துப் பேரும் என் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வருவது போல இருந்தது.

விதிப்படி நான் ஆட்டத்தை ஆரம்பிக்கவேண்டும். ஆரம்பித்தேன். எதிர் டீம் கேப்டனோடு கை குலுக்கினேன், அவன் கை என் கையைவிட இரண்டு மடங்கு. முதல் ஐந்து நிமிஷத்தில் பந்து மூன்று முறை என்னிடம் வந்தது, மூன்று முறையும் அவர்களிடம் போனது. கேப்டன் நேரம் கேட்கலாம் என்று ஞாபகம் வந்து, டைம் அவுட் கேட்டேன். எல்லாரும் ஓடிவந்து என்னைச் சுற்றி நின்று என் வாயைப் பார்த்தார்கள். என்ன சொல்லவேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"தண்ணி குடிங்க" என்றேன்.

பதினொன்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் ஏழு சிரித்தான், அப்புறம் எல்லாரும். காலையிலிருந்து இருந்த இறுக்கம் அதோடு போனது. அடுத்து நான் எடுத்த முடிவு என்னையே வெளியே எடுத்தது. கேப்டனாக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. மூட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பதினொன்று அந்த ஆட்டத்தை முழுக்க ஆடினான். ஓடவில்லை, நடந்துதான் ஆடினான். ஆனாலும் அந்த இடதுகையிலிருந்து போனதெல்லாம் விழுந்தது. ஜெயித்தோம். மறுநாள் அரையிறுதியில் தோற்றோம். செமி புரொபஷனலுக்கு செமி ஃபைனல் போதும் என்று ஏழு சொன்னான்.

அதற்கு மறுநாள் காலை, கடை திறந்ததும், நம்பர் வெட்டுவதற்காகக் குடத்தை எடுத்தேன். மீதிச் சீட்டுகள் உள்ளேயே கிடந்தன. கவிழ்த்துக் கொட்டி, பர்ஸில் வைத்திருந்த அந்த ஒன்பதையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். எந்தப் புண்ணியவான் என் நம்பரை எழுதினான், எழுத்தைப் பார்த்தால் தெரியாதா என்றுதான் ஒன்றைப் பிரித்தேன். பதினொன்று என்று இருந்தது. சரி, இது நான் எழுதியது போல என்று அடுத்ததைப் பிரித்தேன். பதினொன்று. அடுத்தது, பதினொன்று. பத்துச் சீட்டிலும் பதினொன்று.

கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் ஒருவன்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேரும் திருடியிருக்கிறார்கள், ஒருவனுக்கும் இன்னொருவனைத் தெரியாமல். சீட்டுப் போட்டவர்கள் பதினோரு பேர். அவனைத் தவிர அத்தனை பேரும் அவன் நம்பரை எழுதியிருந்தால், ஒன்பது எழுதியது யார் என்று தெரிந்துகொள்ள எழுத்தைப் பார்க்கவேண்டியதே இல்லை.

உடனே போன் போட்டு வரச் சொன்னேன். டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு, காலைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"இன்னா பாய், காத்தாலயே இட்டுனு வந்துட்ட. இன்னும் நாஷ்டாகூடத் துன்னல."

நான் சீட்டுகளை அவன் முன்னால் நகர்த்தினேன். ஒன்றைப் பிரித்தான். இரண்டாவதைப் பிரித்தான். மூன்றாவதுக்குச் சிரிக்க ஆரம்பித்தான். "ஒண்ணுக்குத் தொப்பி வச்சிக் கீது பாரு, இது ஏயு. இந்தக் கோணல் நாலோடது. களவாணிப் பசங்க" என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டே போனான். ஏழாவது எட்டாவது சீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தையும் வைத்து முடித்து, பஜாரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பேச்சு வராத நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

"உன் நம்பர நீ எயுதிருந்தா, அந்த ஆண்டவனே கைய உட்டு எடுத்திருந்தாலும் நீதான்டா கேப்டன். பதினோரு சீட்டும் உன்னுது. உன் கையாலயே கெடுத்துக்கினியே. என் நம்பர எதுக்குடா எயுதின?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். குடத்தை எடுத்து என் மடியில் வைத்தான்.

"உன் நம்பர் எங்க கீது, காட்டு."

நான் குடத்தைத் திருப்பினேன். கழுத்திலிருந்து ஆரம்பித்து, வரிசை வரிசையாக, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து இருந்தது. பதிமூன்று நாலு இடத்தில் இருந்தது. கோடு போட்ட ஆறு மூன்று இருந்தது. கோடு போட்ட ஒன்பது எங்கேயும் இல்லை. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

"அல்லா நம்பரும் நீதான் வெட்டிக்கினு கீற" என்றான் அவன். "நானும் வரல, நீயும் வரல. நான் வரலன்னு டீமே பேசிக்கினு கீது, எனுக்குக் காதுல வுயாம இல்ல. உன்னப் பத்தி எவனாவது பேசினானா? நீயே பேசல. அதான் எயுதினேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. மனசு சரியில்லாமல் குடத்தைத் துடைத்துத் துடைத்து அவன் நம்பரைத் தேடியபோது, என் நம்பரைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தடவையும் என் கையால் ஒன்பது எழுதிப் போட்டிருக்கிறேன், வரும் என்று ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. எல்லார் பேரையும் வெட்டுகிறவன் என்று என்னை நானே ஓரமாக வைத்துவிட்டிருக்கிறேன். அதை இந்த ஒருவன் எத்தனை வருஷமாகவோ கவனித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், லேஸைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"உன் நம்பரும் கூடவே வெட்டிடறேன்" என்றேன். "பத்துப் பேர் எயுதினது. யார் கேக்கப் போறாங்க?"

"வேணாம். கொடத்துல வராதது கொடத்துமேல எப்டி வரும்? உன்னுத வெட்டு, நான் பாக்கறேன்."

மெஷினைப் போட்டேன். பாத்திரங்களில் எத்தனையோ ஆயிரம் பேர்களை வெட்டிய கை, அந்த ஒற்றை எண்ணை வெட்டத் தடுமாறியது. வளைவு கொஞ்சம் நெளிந்துதான் வந்தது. அவன் குனிந்து பொடியை ஊதிவிட்டுப் பார்த்தான், நல்லாதான் கீது என்றான்.

அப்புறம் பத்துச் சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தட்டிச் சரிசெய்து, சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டான். டிரைவர் எடுத்த அந்த ஒன்பது மட்டும் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. "இது உன்னுது" என்று அதை என் பக்கம் தள்ளிவிட்டு, நாஷ்டா சாப்பிடவேண்டும் என்று சொல்லிப் படியிறங்கினான்.